யாரைக் கேக்கணும்?

கீரப்பாளையம் ஒன்றியத்துல ஒரு சின்ன ஊர். பேர் வேணாம். அங்க இருக்கற தொடக்கப் பள்ளியில மேலாண்மைக் குழு கூட்டம். எங்க அக்கா அதுல உறுப்பினர். வண்டியில கொண்டு விடப் போனவன், வெளிய அடிச்ச வெயிலுக்குப் பயந்து உள்ளயே ஒரு ஓரமா உக்காந்துட்டேன்.

எதிர்ல செவுத்துல ஒரு சார்ட் பேப்பர். பள்ளிப் பேரிடர் மேலாண்மைக் குழுன்னு தலைப்பு, சுத்தி பூ பார்டர். கீழ அஞ்சு கட்டம். எச்சரிக்கைக் குழு, வெளியேற்றும் குழு, மீட்புக் குழு, முதலுதவிக் குழு, தீத்தடுப்புக் குழு. அஞ்சுக்கும் தலைவர் தலைமையாசிரியர். அஞ்சுக்கும் உறுப்பினர் உதவி ஆசிரியர். ஏன்னா அந்தப் பள்ளியில இருக்கறதே அந்த ரெண்டு டீச்சர்தான். சிரிப்பு வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். அவங்களைச் சொல்லிக் குத்தமில்லை. அஞ்சு குழு இருக்கணும்னு படிவம் வந்தா அஞ்சு குழு எழுதித்தான் ஆகணும்.

கூட்டம் முடியப் போற நேரத்துல, பின்னாடி நின்னுக்கிட்டிருந்த சமையல்கார அம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. காலைச் சாப்பாடு செய்யறவங்க அவங்க. "டீச்சர், நான் காலையில வந்து அடுப்பு மூட்டும்போது நீங்க யாரும் வந்திருக்க மாட்டீங்க. பிள்ளைங்க மட்டும் ஒண்ணு ரெண்டா வந்துடும். பாம்பு கீம்பு கடிச்சா நானே 108க்கு போன் போடலாமா? இல்ல யாரையாச்சும் கேக்கணுமா?"

யாரும் பதில் சொல்லலை. கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும். அப்புறம் டீ வந்துடுச்சு, பேச்சு மாறிடுச்சு.

எனக்கு அந்தக் கேள்வி இன்னும் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. பள்ளிக்கூடத்துல அவசரகாலக் குழு அமைக்கறதைப் பத்திப் பேசற எல்லாரும் யார் தலைவர், எத்தனை குழு, யாருக்கு என்ன பட்டைன்னு பேசறாங்க. அந்தம்மா கேட்டதுதான் நிஜமான கேள்வி. யாரையும் கேக்காம முடிவெடுக்க யாருக்கு உரிமை இருக்கு?

சுல்தான் பத்தேரி ஞாபகமிருக்கா? வயநாடு. 2019 நவம்பர் 20. அஞ்சாங்கிளாஸ் படிச்ச ஒரு பொண்ணு. வகுப்பறைத் தரையில இருந்த ஓட்டைக்குள்ள கால் போக, பாம்பு கடிச்சுடுச்சு. கடிபட்ட குழந்தையே பாம்புன்னு சொல்லியிருக்கு. கூடப் படிச்ச பிள்ளைங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு கெஞ்சினதாவும், அப்பா வரட்டும்னு காத்திருந்ததாவும் அந்தப் பிள்ளைங்களே டிவியில சொன்னாங்க. அப்பா வந்தார், தூக்கிக்கிட்டு ஓடினார், ஒரு ஆஸ்பத்திரி, இன்னொரு ஆஸ்பத்திரி. குழந்தை பிழைக்கலை. அதுக்கப்புறம் சஸ்பெண்ட், விசாரணை எல்லாம் நடந்துச்சு.

அந்த ஆசிரியர்களை அரக்கர்களா நினைக்க எனக்கு மனசு வரலை. நம்ம பள்ளிக்கூடங்கள்ல ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கு. பிள்ளைக்கு ஏதாச்சும்னா பெத்தவங்களைக் கூப்பிடு. பெரிசா இருந்தா எச்செம்கிட்ட கேளு. அவர் வட்டாரக் கல்வி அலுவலர்கிட்ட கேப்பார். நாமளே ஒண்ணு செஞ்சு அது தப்பாப் போச்சுன்னா மெமோ நமக்கு, ஊர்க்காரன் சண்டை நமக்கு. கேட்டுட்டு செஞ்சா பழி பங்காயிடும். சாதாரண நாள்ல இது புத்திசாலித்தனம். பாம்புக்கடி நேரத்துல இதுவே கொல்லும்.

ஜப்பான்ல இதைவிடப் பெரிய கணக்கு ஒண்ணு நடந்திருக்கு. 2011 மார்ச் 11. இஷினோமாகி ஊர்ல ஒகாவா தொடக்கப் பள்ளி. பூகம்பம் மத்தியானம் 2.46க்கு. பிள்ளைங்களைப் பத்திரமா வெளிய கொண்டாந்து மைதானத்துல உக்கார வச்சுட்டாங்க. அதுவரைக்கும் எல்லாம் சரி. பள்ளிக்குப் பின்னாடியே மலை. ஆனா அன்னிக்குத் தலைமையாசிரியர் ஊர்ல இல்லை. மலைக்கா, ஆத்துப் பாலத்துப் பக்கமான்னு பேசிக்கிட்டே இருந்தாங்க. ஏறக்குறைய 50 நிமிஷம். கடைசியில பாலத்துப் பக்கம் கிளம்பின கொஞ்ச நேரத்துல தண்ணி வந்துடுச்சு. 74 பிள்ளைங்க, 10 ஆசிரியர்கள். அந்தப் பள்ளியில பேரிடர்க் கையேடு இல்லாமலா இருந்துச்சு? இருந்துச்சு. சுனாமி வந்தா பக்கத்துல இருக்கற காலி இடம் இல்லேன்னா பூங்காவுக்குப் போகணும்னு எழுதியிருந்துச்சு. எந்த இடம், எந்தப் பூங்கா? அது கிடையாது. பெத்தவங்க கேஸ் போட்டாங்க. முன்கூட்டியே ஒழுங்கா திட்டம் போடாதது பள்ளியோட, நகராட்சியோட தப்புன்னு 2018ல செண்டாய் உயர் நீதிமன்றம் சொல்லுச்சு. 2019ல உச்ச நீதிமன்றத்துலயும் அதுவே நின்னுச்சு.

அதே நாள், அதே கடல், கொஞ்சம் வடக்க கமாய்ஷி. அங்க நடுநிலைப்பள்ளிப் பிள்ளைங்க யாரும் சொல்லக் காத்திருக்காம மேட்டைப் பாத்து ஓட ஆரம்பிச்சாங்க. பக்கத்துத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைங்க மாடியில நின்னுக்கிட்டிருந்தவங்க, இவங்க ஓடறதைப் பாத்து இறங்கி ஓடினாங்க. பெரிய பிள்ளைங்க சின்னதுங்க கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போனாங்க. முதல்ல போன இடம் பத்தாதுன்னு தெரிஞ்சதும் இன்னும் மேல. அன்னிக்குப் பள்ளியில இருந்த ரெண்டு பள்ளிப் பிள்ளைங்களும், சுமார் 600 பேர், தப்பிச்சாங்க. இது அதிர்ஷ்டம் இல்லை. பல வருஷமா அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடமே அதுதான். பெரியவங்க சொல்றதுக்குக் காத்திருக்காதே, முதல் ஆளா நீ ஓடு, உன்னைப் பாத்து மத்தவங்க வருவாங்க.

நம்ம ஊர்ல பிள்ளைகிட்ட இப்படிச் சொன்னா? "டீச்சர் சொல்ற வரைக்கும் அசையக் கூடாது"ன்னுதானே வளக்கறோம் :)

சரி, ஜப்பான் எதுக்கு, நமக்குப் பக்கத்துலயே கும்பகோணம் இருக்கு. 2004 ஜூலை 16. மத்தியானச் சோறு சமைச்ச கொட்டாய்ல பத்தின தீ, மாடிக் கீத்துக் கூரைக்குத் தாவிடுச்சு. குறுகலான படி. 94 குழந்தைங்க. அதுக்கப்புறம் தமிழ்நாட்டுப் பள்ளிகள்ல கீத்துக் கூரையை எடுத்தாங்க. அதை வச்சு உச்ச நீதிமன்றத்துல நடந்த வழக்குல 2009ல தீர்ப்பு வந்துச்சு. பாதுகாப்பான பள்ளியும் கல்வி உரிமையில சேத்திதான், தீயணைப்புக் கருவி வேணும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேணும்னு. 2016ல தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பள்ளிப் பாதுகாப்புக்குன்னே வழிகாட்டி போட்டுச்சு. எல்லாம் நல்ல விஷயம். கூரையை மாத்தறது காசு வேலை, மாத்திட்டாங்க. கருவி வாங்கறதும் காசு வேலை. இந்த "கேக்காம செய்"ங்கற உரிமை இருக்கே, அதுக்குக் காசே வேணாம். அதைத்தான் யாரும் கொடுக்க மாட்டேங்கறாங்க.

எங்க பக்கம் கடல் கிடையாது, சுனாமி கீரப்பாளையம் வரைக்கும் வரலை. இங்க வெள்ளாறு, வீராணம், நாலு பக்கமும் வாய்க்கால், வயல். 2015 நவம்பர்ல நெய்வேலியில ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டித் தீத்த மழையை மாவட்டத்துல யாரும் மறக்க முடியாது. வெள்ளம்னா கலெக்டர் லீவு விட்டுடுவார், பிள்ளைங்க வீட்ல இருக்கும். அதனால பள்ளி நேரத்துல நிஜமா வரக் கூடியது என்னன்னு பாத்தா சின்னச் சின்ன விஷயம்தான். பாம்பு, தேள், கேஸ் சிலிண்டர், வாய்க்கால்ல தவறி விழறது, அறுந்து தொங்கற கரண்ட் கம்பி, வலிப்பு. எல்லாமே முதல் பத்து நிமிஷத்துல முடிவாகற சமாச்சாரம். அந்தப் பத்து நிமிஷத்துல தலைமையாசிரியர் ஒன்றியத்துல மீட்டிங்ல இருக்கலாம். இன்னொரு டீச்சர் அஞ்சு வகுப்பையும் தனியா வச்சுக்கிட்டு இருப்பாங்க.

ஆக, நான் கேக்கறது அஞ்சு குழு இல்லை. ஒரே ஒரு தாள். மேலாண்மைக் குழு தீர்மானமா எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டது. பாம்பு கடிச்சா, தீப்பட்டா, மூச்சுத் திணறினா அங்க இருக்கற பெரியவங்க யாரா இருந்தாலும், அது சமையல்கார அம்மாவா இருந்தாலும், சத்துணவு அமைப்பாளரா இருந்தாலும், முதல்ல 108. வண்டி வர லேட்டானா ஊர் ஆட்டோ, அதுக்கு யார்னு இப்பவே பேசி வச்சு நம்பரை எழுதணும். பீரோவுல ஒரு கவர்ல ஐநூறு ரூபா. பாம்புன்னா கட்டு போடறது, கீறி விடறது, மந்திரிக்கறது எதுவும் கிடையாது. காலை ஆட்டாம நேரா அண்ணாமலைநகர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி. அப்பா அம்மாவுக்கும் எச்செம்முக்கும் வண்டியில ஏறின பிறகு போன். தப்பாப் போனா பொறுப்பு மொத்தக் குழுவுக்கும், செஞ்ச ஆளுக்கு மட்டும் இல்லை. இந்தக் கடைசி வரிதான் முக்கியம். இது இல்லாம மத்ததை எழுதி வச்சா அந்த சார்ட் பேப்பர் மாதிரிதான்.

கல்வி உரிமைச் சட்டப்படி மேலாண்மைக் குழுவுல முக்கால்வாசி பெத்தவங்க. பாதிப்பேர் பெண்கள். "என் பிள்ளையைக் கேக்காம தூக்கிட்டுப் போங்க"ன்னு சொல்ல வேண்டியவங்க இவங்கதானே. அவங்க கையெழுத்து இருந்தா டீச்சருக்கும் பயம் போகும்.

பிள்ளைங்களுக்கும் வேலை உண்டு. அஞ்சாங்கிளாஸ் பிள்ளைக்கு ஒரு ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை. மணி விட்டு விட்டு அடிச்சா கையைப் புடிச்சுக்கிட்டு கேட்டுக்கு வெளிய வேப்பமரம். யாரையும் கேக்க வேணாம். மாசத்துக்கு ஒரு தரம் டீச்சர் சொல்லாம ஒரு பிள்ளையை விட்டே மணி அடிக்கச் சொல்லிப் பாக்கணும். நாலு பிள்ளை பொய்யா அடிக்கும்னு சொல்வீங்க. அடிக்கட்டும், ஒரு பீரியட் போனா போகுது.

ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே வேலை தலைக்கு மேல இருக்குன்னு தெரியும். ஆன்லைன்ல பதிவேத்தறது, தேர்தல் வேலை, கணக்கெடுப்பு. அதனாலதான் சொல்றேன், இந்த வேலையை மட்டுமாவது அவங்க தலையிலேர்ந்து பாதி இறக்குங்க.

கூட்டம் முடிஞ்சப்புறம் தலைமையாசிரியர்கிட்ட இதையெல்லாம் கொஞ்சம் பயந்துகிட்டேதான் சொன்னேன். நல்ல மனுஷி. பொறுமையா கேட்டாங்க. சமையல்கார அம்மாவைக் கூப்பிட்டு, "நீங்க போன் பண்ணிடுங்க, நான் இருக்கேன்"னு எல்லார் முன்னாடியும் சொன்னாங்க. அந்தம்மா முகத்தைப் பாக்கணுமே. தீர்மானமா எழுதறதைப் பத்திக் கேட்டேன்.

"எழுதலாம் தம்பி. ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதிடுவோம்."

அடுத்த கூட்டம் மாசக் கடைசி வெள்ளிக்கிழமை. அக்காவைக் கொண்டு விடற சாக்குல நானும் போறேன்.