பங்கு சரியாத விதி யாருக்கான விதி?

2023 நவம்பர் 16 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. பிணை இல்லாத நுகர்வுக் கடன்களுக்கான இடர் எடை 100 விழுக்காட்டிலிருந்து 125 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. மறுநாள் சந்தை திறந்ததும் எஸ்பிஐ உள்ளிட்ட வங்கிகளின் பங்குகள் சரிந்தன. எந்த வங்கியும் திவாலாகவில்லை, எந்தக் கடனும் வாராக்கடன் ஆகவில்லை. ஒரு விதி மாறியது, அவ்வளவுதான்.

காரணம் எளிய கணக்கு. 100 ரூபாய் கடன் கொடுக்கும் வங்கி, குறைந்தது 9 ரூபாயைச் சொந்த மூலதனமாக வைத்திருக்க வேண்டும். இடர் எடை 125 ஆனால் அதே கடனுக்கு 11 ரூபாய் 25 காசு வேண்டும். லாபம் அதேதான், ஆனால் அதை ஈட்ட முடக்கிவைக்கும் பணம் கூடுகிறது. பங்குதாரருக்குக் கிடைக்கும் விகிதம் குறைகிறது. சந்தை அதைச் சில மணி நேரத்தில் கணக்குப் போட்டுவிடுகிறது. 2024 ஏப்ரல் 24 அன்று, தகவல்தொழில்நுட்பக் குறைபாடுகளைச் சுட்டிக்காட்டி, கோடக் மகிந்திரா வங்கி இணையவழியில் புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்கவும் புதிய கிரெடிட் கார்டு வழங்கவும் ரிசர்வ் வங்கி தடை விதித்தது. மறுநாளே அதன் பங்கு 10 விழுக்காட்டுக்கும் மேல் வீழ்ந்தது.

ஆக, ரிசர்வ் வங்கி நினைத்தால் ஒரு வங்கியை ஒரே நாளில் வழிக்குக் கொண்டுவர முடியும். அந்த அதிகாரம் எங்கே பாய்கிறது, எங்கே பதுங்குகிறது என்பதுதான் என் கேள்வி.

ஏனென்றால் ரிசர்வ் வங்கியிடம் இன்னொரு விதியும் இருக்கிறது. வணிக வங்கிகள் தம் கடனில் 40 விழுக்காட்டை முன்னுரிமைத் துறைக்கும், அதற்குள் 12 விழுக்காட்டை 'நலிந்த பிரிவினருக்கும்' தர வேண்டும். இந்த 12 விழுக்காட்டு இலக்கைத் தவறவிட்டதற்காக ஒரு வங்கியின் பங்கு சரிந்தது என்ற செய்தியை நான் இதுவரை எந்த வணிகப் பக்கத்திலும் படித்ததில்லை.

அந்தப் பட்டியலைப் பாருங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சிறு குறு விவசாயிகள், கைவினைஞர்கள், சுயஉதவிக் குழுக்கள், சிறுபான்மையினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் என எல்லோரும் ஒரே பெட்டியில். 2011 கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதியினர் மட்டுமே நாட்டில் 16.6 விழுக்காடு, தமிழ்நாட்டில் 20 விழுக்காடு. அத்தனை பேருக்கும் சேர்த்து 12. அதற்குள் பட்டியல் சாதியினருக்கென்று தனி ஒதுக்கீடு கிடையாது. பட்டா வைத்திருக்கும் சிறு விவசாயிக்குக் கொடுத்தே ஒரு வங்கி அந்த 12-ஐ நிரப்பிவிடலாம். நிலமற்ற சேரி வாசலில் நிற்கும். கணக்கு மட்டும் சரியாக இருக்கும்.

கடன் கொடுக்காத வங்கிக்கும் வழி உண்டு. இலக்கைத் தாண்டிய வங்கியிடமிருந்து முன்னுரிமைக் கடன் சான்றிதழை விலைக்கு வாங்கலாம். இது 2016 முதல் நடைமுறை. கடன் விற்ற வங்கியிடமே இருக்கும், கடமையை நிறைவேற்றிய பெயர் மட்டும் கை மாறும். அப்படியும் குறைந்தால், பற்றாக்குறைத் தொகையைக் குறைந்த வட்டிக்கு நபார்டு போன்ற நிறுவனங்களின் நிதியில் போட வேண்டும். சமூகக் கடமை ஒரு சிறு செலவுக் கணக்காகச் சுருங்கிவிடுகிறது. அதனால்தான் சந்தை அதைக் கண்டுகொள்வதில்லை.

எங்கள் பகுதியில் ஓர் இளைஞர் வெல்டிங் பட்டறை வைக்க 4 லட்சம் கேட்டு ஒரு வங்கிக் கிளைக்குப் போனார். நானும் உடன் போனேன். "சொத்துப் பத்திரம் இருக்கா?" என்பதுதான் மேலாளரின் முதல் கேள்வி. குறுந்தொழில், சிறுதொழில் கடனில் 10 லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே கட்டளையிட்டுவிட்டது. அதைச் சொன்னதும், "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்" என்றார். இன்றுவரை சொல்லவில்லை. இந்த விதிமீறலுக்கு எந்தப் பங்குச்சந்தையிலும் விலை இல்லை.

"கட்டாயப்படுத்தினால் வாராக்கடன் பெருகும், சேமிப்பாளர் பணம் போகும்" என்பார்கள். வாராக்கடனைப் பெருக்கியது யார்? 2015-இல் ரிசர்வ் வங்கி சொத்துத் தர ஆய்வைத் தொடங்கிய பிறகே மறைத்துவைத்த அழுகல் வெளியே வந்தது. 2018 மார்ச்சில் மொத்த வாராக்கடன் 11 விழுக்காட்டைத் தாண்டியது. அதில் பெரும்பங்கு பெருநிறுவனங்களுடையது. அந்தப் பள்ளத்தை அடைக்க 2017 அக்டோபரில் ஒன்றிய அரசு 2.11 லட்சம் கோடி ரூபாய் மறுமூலதனத் திட்டத்தை அறிவித்தது. மறுநாள் எஸ்பிஐ பங்கு நான்கில் ஒரு பங்குக்கும் மேல் ஏறியது. பெருமுதலாளி வைத்த கடனை நம் வரிப்பணம் அடைத்தது. பங்குதாரர் சிரித்தார். பட்டறைக்குக் கடன் கேட்டவர் மட்டும் இன்னும் 'இடர்' என்று அழைக்கப்படுகிறார்.

நாணயக் கொள்கை மாறும்போது லாபம் யாருக்கு, சுமை யாருக்கு என்று 1920-களிலேயே கேட்டவர் அண்ணல் அம்பேத்கர். ஹில்டன் யங் ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தவர் அவர். அந்த ஆணையத்தின் பரிந்துரைதான் பின்னாளில் ரிசர்வ் வங்கியாக உருவெடுத்தது. அந்த வங்கியிடம் அதே கேள்வியை நாம் கேட்கக் கூடாதா?

நம் கோரிக்கைகள் மூன்று. ஒன்று, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைக்கேற்ற தனித்தனி உள் இலக்கு வேண்டும். இதில் புதுமை இல்லை. 1972-இல் தொடங்கிய 4 விழுக்காடு வட்டிக் கடன் திட்டத்திலேயே 40 விழுக்காடு இவ்விரு பிரிவினருக்கு என்று விதி இருந்தது. இரண்டு, இவர்களுக்குக் கொடுத்த கடன் எவ்வளவு, நிராகரித்த விண்ணப்பம் எத்தனை என்பதை ஒவ்வொரு வங்கியும் காலாண்டு லாபக் கணக்கோடு சேர்த்து வெளியிட வேண்டும். மூன்று, இந்த உள் இலக்கைச் சான்றிதழ் வாங்கி நிரப்பக் கூடாது. தவறினால் அந்த வங்கியின் மூலதன விகிதத்தில் கை வைக்க வேண்டும். அப்போது பங்கு சரியும். பங்கு சரிந்தால் மேலிடம் விழிக்கும். மேலிடம் விழித்தால் கிளை மேலாளரின் முதல் கேள்வி மாறும்.

மக்களவையில் பட்டியல் சாதித் தனித்தொகுதிகள் 84, பழங்குடித் தொகுதிகள் 47. இந்த 131 பேரில் எத்தனை பேர் நிதியமைச்சரிடம் இதைக் கேள்வியாக எழுப்பியிருக்கிறார்கள்? உங்கள் தொகுதி உறுப்பினர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது, மாலையோடு இந்தக் கேள்வியையும் கையில் கொடுங்கள்.