பேட்டரி மேல பழி போடுறதுக்கு முன்னாடி

வண்டி செல்ஃப் எடுக்கலைன்னா நம்மூர்ல தீர்ப்பு ரெடியா இருக்கும்: "பேட்டரி போச்சு சார்." வண்டியை ஒழுங்கா ஸ்டாண்ட் கூட போட்டிருக்க மாட்டோம். ஹாரனை ஒரு அமுக்கு, அது கரகரன்னு இழுத்தா கேஸ் முடிஞ்சது. பொட்டி தட்டுற ஜாதிக்கு இது புதுசில்லை. சர்வர் ஸ்லோன்னு சொன்னதும் லாக் ஃபைலைத் திறந்துகூடப் பாக்காம "ரேம் ஏத்திடுங்க"ன்னு சொல்ற மேனேஜர் எல்லா ஆபீஸ்லயும் ஒருத்தர் இருப்பாரே, அதே வியாதிதான்.

அளந்து பாக்காம பேட்டரி மாத்தாதீங்க, மாத்தவும் விடாதீங்க. இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

மொட்டை மாடித் தண்ணித் தொட்டியை நினைச்சுக்கோங்க. காலையில குழாயைத் திறந்தா தண்ணி வரலை. தொட்டியில விரிசல் இருக்கலாம். மோட்டார் ஏத்தாம இருக்கலாம். ராத்திரி எவனோ குழாயை மூடாம விட்டிருக்கலாம். குழாயே அடைச்சிருக்கலாம், தொட்டி நெறைய தண்ணி இருக்கும். நாலையும் பாக்காம நேரா புதுத் தொட்டி வாங்கி வைக்கிற ஆளை என்ன சொல்லுவோம்? ஆனா பைக்குக்கு மட்டும் அதைத்தான் செய்யறோம்.

இதைக் கண்டுபிடிக்கத் தேவையானது ஒரு மல்டிமீட்டர். ரிச்சி ஸ்ட்ரீட்ல மஞ்சக் கலர்ல சில நூறு ரூபாய்க்குக் குமிச்சு வச்சிருப்பாங்க. அது போதும். 20 வோல்ட் டிசியில வச்சு, காலையில சாவி போடுறதுக்கு முன்னாடி பேட்டரி முனைகள்ல வைங்க. 12.6லேர்ந்து 12.8 வரை காட்டினா ஃபுல். 12.4ன்னா முக்கால்வாசி. 12.0ன்னா கிட்டத்தட்ட காலி. மீட்டரை எடுக்காம செல்ஃபை அமுக்குங்க. 10 வோல்ட் பக்கத்துல நின்னா நல்ல பேட்டரி. 12.6 காட்டினது தடால்னு 7, 8க்கு விழுந்தா, சரி, பேட்டரி நிஜமாவே போச்சு, மாத்துங்க.

12.5ல அசையாம நிக்குது, ஆனா 'டக்'னு ஒரு சத்தம், இல்லை சத்தமே இல்லைன்னா? தொட்டியில தண்ணி இருக்கு, குழாய்தான் அடைப்பு. கில் சுவிட்ச் (சிரிக்காதீங்க, பக்கத்து வீட்டுக் குட்டிப் பையன் வண்டி மேல ஏறி விளையாடினா இதுதான் முதல் சந்தேகம்), கிளட்ச் சுவிட்ச், ஃபியூஸ், ஸ்டார்ட்டர் ரிலே, எர்த். எர்த்தைப் பாக்க ஒரு சுலபமான வழி: மீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொன்னை எஞ்சின் உடம்புலயும் வச்சு செல்ஃபை அமுக்குங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா வழியில எங்கயோ துரு, இல்லை லூஸ் போல்ட். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு இறுக்கினா சரியாயிடும். செலவு பூஜ்யம்.

பெரிய காசு பாழாகுறது சார்ஜிங்லதான். எங்க குடியிருப்புல கீழ் வீட்டு அண்ணன் சாப்பாடு டெலிவரி பண்றார், 150 சிசி வண்டி. எட்டு மாசத்துல ரெண்டு பேட்டரி மாத்தியாச்சு. மூணாவதுக்கும் "கம்பெனி பேட்டரி இல்ல சார், அதான்"னு சொல்லிட்டாங்களாம். ஒரு நாள் வண்டி நின்னா அன்னைக்கு வருமானம் அப்படியே போச்சு, அது தவிர பேட்டரி காசு வேற. ஞாயித்துக்கிழமை மீட்டரோட இறங்கினேன். நிக்கும்போது 12.2. ஸ்டார்ட் பண்ணி ஆக்சிலரேட்டரை முறுக்கி 4000 ஆர்பிஎம்ல வச்சா 13.5லேர்ந்து 14.5க்குள்ள வரணும். இங்க அதே 12.2, கொஞ்ச நேரத்துல 12.1. மோட்டார் தண்ணியே ஏத்தலை, தொட்டியை மட்டும் மாத்திக்கிட்டே இருந்திருக்காங்க.

அப்புறம் ரெண்டே இடம்தான் பாக்கி. எஞ்சினுக்குள்ள சுத்துற காந்தத்துக்குப் பக்கத்துல இருக்கிற ஸ்டேட்டர் காயில், அது குடுக்கிற ஏசியை டிசியாக்கி அளவா அனுப்புற ரெகுலேட்டர். அவர் வண்டியில காயில்லேர்ந்து மூணு மஞ்ச வயர் வருது (எல்லா வண்டியிலயும் அப்படி இருக்காது). எஞ்சினை நிறுத்திட்டுக் கப்ளரைக் கழட்டி, மறுபடி ஸ்டார்ட் பண்ணி, ஏசியில ரெண்டு ரெண்டு வயரா அளந்தோம். மூணு ஜோடியும் 50க்கு மேல, கிட்டத்தட்ட ஒரே அளவு. வண்டியை ஆஃப் பண்ணிட்டு மஞ்ச வயருக்கும் எஞ்சின் உடம்புக்கும் தொடர்பு இருக்கான்னு பார்த்தா இல்லை. ஆக காயில் சுத்தம். ரெகுலேட்டர் பக்கத்துக் கப்ளரைத் திருப்பினா பிளாஸ்டிக் உருகிக் கருகி இருக்கு. ரெகுலேட்டரும் கப்ளரும் மாத்தினதும் 14.1. மூணாவதா மாத்தச் சொன்ன அதே பேட்டரியை ராத்திரி பூரா சார்ஜர்ல போட்டு மாட்டினோம், இன்னும் ஓடிக்கிட்டிருக்கு.

இதுக்கு எதிர்ப்பக்கமும் உண்டு. மீட்டர் 15ஐத் தாண்டினா ரெகுலேட்டர் அடக்க மாட்டாம அப்படியே விடுதுன்னு அர்த்தம். அடிக்கடி பல்பு ஃபியூஸ் போற வண்டியில முதல்ல இதைப் பாருங்க. அங்கயும் செத்துப்போறது என்னமோ பேட்டரிதான்.

இப்ப மெக்கானிக்கைத் திட்டத் தோணும். எனக்கு அதுல உடன்பாடு இல்லை. அவர் கடை வாசல்ல ஏழு வண்டி நிக்குது, நாம கைக்கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு "அண்ணே, பத்து நிமிஷத்துல முடியுமா"ன்னு நிக்கிறோம். அரை மணி நேரம் அளந்து "எர்த் போல்ட் லூஸ், இறுக்கிட்டேன், முந்நூறு குடுங்க"ன்னு அவர் சொன்னா நாம என்ன சொல்லுவோம்? "ஒரு போல்ட்டை முடுக்குனதுக்கு முந்நூறா!" அதே ஆள் புது பேட்டரி மாட்டி ரெண்டாயிரம் கேட்டா சத்தமில்லாமக் குடுப்போம். பொருளுக்குக் காசு குடுப்போம், கண்டுபிடிச்சதுக்குக் குடுக்க மனசு வராது. நாள் பூரா பக் தேடி ஒரு லைன் மாத்திட்டு முழு நாள் சம்பளம் வாங்குற நாமளே இப்படி இருந்தா, அவர் எதுக்கு அளப்பார்? அதனால நான் கடைக்குப் போனா முதல்லயே சொல்லிடறது: "அண்ணே, பாக்குறதுக்குத் தனியா காசு தரேன், எதையும் மாத்த வேணாம், என்னன்னு மட்டும் சொல்லுங்க." ஒரு மாதிரி பாப்பாங்க. ஆனா நிதானமா உக்காந்து பாப்பாங்க.

இன்னொண்ணு, எல்லாத்தையும் அளந்தாச்சு, எல்லாம் சரி, ஆனா நாலு நாள் நிறுத்தினா வண்டி படுத்துக்குதுன்னா திறந்து விட்ட குழாயைத் தேடுங்க. ஜிபிஎஸ், அலாரம், நேரா பேட்டரியில இழுத்த மொபைல் சார்ஜர் இந்த மாதிரி. 50 மில்லிஆம்ப் எப்பவும் இழுத்தா 5 ஏ.எச். பேட்டரி நூறு மணி நேரத்துல காலி, கணக்குப் போட்டுப் பாருங்க. 2017 ஏப்ரல்லேர்ந்து வந்த வண்டிகள்ல ஹெட்லைட்டும் எப்பவும் எரியும். சிக்னலுக்கு சிக்னல் நிறுத்தி செல்ஃப் அமுக்கி, மூணு கிலோமீட்டர்ல ஆபீஸ் போய்ச் சேர்றவங்களுக்கு எடுத்த சார்ஜ் திரும்ப ஏறவே நேரம் இருக்காது. அவங்களுக்கு மாசம் ஒரு தடவை சார்ஜர்ல போடுறதே வைத்தியம்.

டிஸ்கி: பேட்டரியைக் கழட்டும்போது நெகட்டிவ் முதல்ல, மாட்டும்போது அது கடைசியில. எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைப் பிடுங்கி "சார்ஜ் ஆகுதா"ன்னு பாக்குற பழைய டெக்னிக் இப்ப வேணவே வேணாம். 2020லேர்ந்து வர்ற பிஎஸ்6 வண்டிகள்ல இசியு போனா பேட்டரி விலை எல்லாம் சில்லறை. அந்த வண்டிகள்ல பலதுலயும் பேட்டரி சுத்தமா செத்துட்டா தள்ளி ஸ்டார்ட் பண்றதும் வேலைக்காகாது, பெட்ரோல் பம்புக்கே கரண்ட் வேணும். 2021ல வந்த கிளாசிக் 350ல கிக்கரே கிடையாது. மீட்டர் வாங்க இது ஒரு காரணம் போதாதா?