தங்கைக்கும் ஒரு கன்ட்ரோலர்



போன வாரம் ஒரு தாயின் கடிதம் வந்தது. வீட்டில் சோனியின் பிஎஸ்4 கேம் கன்சோல் இருக்கிறது, கன்ட்ரோலர் ஒன்றுதான். ஒன்பதாவது படிக்கும் அண்ணனுக்கும் ஆறாவது படிக்கும் தங்கைக்கும் தினமும் அதற்காகச் சண்டை. உண்டியலை உடைத்தாயிற்று. அண்ணனுக்குப் பழைய கேம் டிஸ்க் வேண்டும். 'பாலிஷ் போட்டுப் புதுசாக்கியது' என்றாராம் கடைக்காரர். தங்கைக்கு வேறு கம்பெனி தயாரித்த கன்ட்ரோலர் வேண்டும். இருக்கிற பணத்தில் ஒன்றுதான் வாங்க முடியும். நீங்களே தீர்த்து வையுங்கள் என்கிறார்.

முதலில் அந்தப் பாலிஷ். சிடியில் தகவல் பதிந்த அடுக்கு, பளபளக்கும் பக்கத்திலிருந்து சுமார் 1.2 மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது, டிவிடியில் 0.6. அதனால் பிஎஸ்2 காலத்து டிஸ்க்கில் லேசான கீறலைத் தேய்த்து எடுத்துவிடலாம். பிஎஸ்4 டிஸ்க்கோ ப்ளூ-ரே. அதில் தகவல் வெறும் 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. கீறல் விழாமல் காக்க மேலே ஒரு கடினப் பூச்சு உண்டு. தேய்த்தால் முதலில் போவது அந்தப் பூச்சுதான். எனவே அந்த டிஸ்க் வேண்டாம். கீறலே இல்லாத பழைய டிஸ்க் என்றால் தயங்காமல் வாங்கலாம். கூடுதல் அம்சங்களைத் திறக்கும் குறியீட்டு அட்டை கூட வந்திருந்தால், அதை முந்தையவர் பயன்படுத்தியிருப்பார், அவ்வளவுதான்.

கன்ட்ரோலரிலும் கவனம் வேண்டும். தன் பெயரையே போட்டு விற்கும் வேறு கம்பெனிப் பொருள் வேறு. சோனி பெயரை ஒட்டிய போலி வேறு. போலியைத் தொடவே வேண்டாம். கடையிலேயே இணைத்துப் பாருங்கள். கன்ட்ரோலரை அதன் ஸ்டிக்கைத் தொடாமல் கீழே வைத்த பிறகும் திரையில் உருவம் நகர்ந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சாதாரண ஸ்டிக்கின் உள்ளே கரிப்பூச்சின் மேல் ஒரு முனை உரசிக்கொண்டே இருக்கும். நாளாக நாளாக அது தேய்ந்து இந்தக் கோளாறு வரும். காந்தத்தை வைத்து அசைவை அறியும் 'ஹால் எஃபெக்ட்' ஸ்டிக்கில் அந்த உரசல் கிடையாது. கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் அதுவே நல்லது. எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: 2023 நவம்பரிலிருந்து மைக்ரோசாஃப்ட் தன் அனுமதி பெறாத கன்ட்ரோலர்களைத் தடுக்கத் தொடங்கியது. உறையில் அனுமதி முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

என் தீர்ப்பு தங்கை பக்கம். டிஸ்க்கை நண்பனிடம் இரவல் வாங்கலாம், ஆடி முடித்ததும் மாற்றிக்கொள்ளலாம். கன்ட்ரோலரை அப்படி யார் தருவார்கள்? அண்ணன் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வளரும் தங்கைகள் நம் வீடுகளில் நிறைய. அவள் கையிலும் ஒன்று இருக்கட்டும். ஆனால், கையிலிருக்கும் கேம்களில் ஒன்றாவது ஒரே திரையில் இருவர் ஆடக்கூடியதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், அம்மா. வாங்கியதும் முதல் ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று பிள்ளைகளையே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்