முதல் பாடம் தரையில்தான்

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட் இருக்கிறது. இல்மனைட்டில் டைட்டானியம் இருக்கிறது. டைட்டானியமோ விமான எந்திரங்களுக்கு வேண்டிய உறுதியும் இலேசும் ஒருங்கே வாய்ந்த உலோகம். வானூர்திக்கும் நம் ஊருக்கும் உள்ள உறவு இம்மணலோடு முடிந்துவிடவில்லை. வளைகுடா நாடுகளுக்குப் பிழைப்புத் தேடிச் சென்ற நம் தந்தையரும் தமையன்மாரும் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறிச் சென்றவர்களே. ஆயினும் விமானத்தில் அமர்ந்து செல்வது வேறு. விமானத்தைச் செலுத்துவது வேறு. பயணியாக ஏறிய தலைமுறைக்குப் பின் விமானியாக ஏறும் தலைமுறை எழ வேண்டும் என்னும் ஆவல் இன்று நம் மாணவ மாணவியரிடம் அரும்பியிருக்கிறது. அவ்வாவல் வீணாகாமல் கனிவதற்கு வழி யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

விமானி என்றதும் பெற்றோர் மனத்தில் முதலில் எழுவது பணத்தைப் பற்றிய கவலைதான். அக்கவலை நியாயமானதே. நம் நாட்டில் வணிக விமானி உரிமம் பெற 200 மணிநேரம் பறந்திருக்க வேண்டும். எரிபொருள், எந்திரத் தேய்மானம், பயிற்றுநர் ஊதியம் எல்லாம் ஒவ்வொரு மணிநேரத்தின் தலையிலும் ஏறி, மொத்தச் செலவு பல பத்து இலட்சம் ரூபாயாகிறது. தென்னந்தோப்பை விற்றும் நகையை அடகு வைத்தும் கட்டப்படும் பணம் அது. அத்தகைய மணிநேரத்தில் வேகமானி எது, உயரமானி எது என்று கேட்டுக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய இழப்பு! புத்தகத்தில் கற்கக்கூடியதைப் புத்தகத்திலும், பாவனைப் பொறியில் பழகக்கூடியதைப் பாவனைப் பொறியிலும் முடித்துவிட்டு, வானத்தில் மட்டுமே கற்கக்கூடியதற்காக வானம் ஏற வேண்டும் என்பதே என் கருத்து. முதல் பாடத்திற்கு முந்திய ஓராண்டே விமானிக் கல்வியின் அடித்தளம் ஆகும்.

பறக்குமுன் படித்தவர்கள்

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?” என்று பெரியவர்கள் சிலர் கேட்கலாம். பறத்தலின் வரலாறே இதற்கு விடை கூறுகிறது.

ஒன்பதாம் நூற்றாண்டில், இன்றைய ஸ்பெயின் நாட்டிலுள்ள குர்துபா நகரில் வாழ்ந்த அறிஞர் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ், உடலில் இறகுகளைப் பொருத்திக்கொண்டு உயரத்திலிருந்து பறந்து பார்த்தார் என்று பிற்கால வரலாற்றாசிரியர் அல் மக்கரீ எழுதியுள்ளார். கணிசமான தொலைவு பறந்தார். இறங்கும்போது முதுகில் அடிபட்டார். பறவை தன் வாலைக் கொண்டே இறங்குகிறது என்பதை அவர் கருதவில்லை என்பது அவ்வாசிரியர் கூறும் காரணம். அந்தத் துணிவுக்கு மதிப்பளித்து நிலவின் பள்ளம் ஒன்றுக்கு இன்று அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. எனினும் அந்நிகழ்ச்சி தரும் பாடம் துணிவைப் பற்றியது மட்டுமன்று. ஏறுவதை எண்ணியவர் இறங்குவதையும் எண்ணியிருக்க வேண்டும்.

ரைட் சகோதரர்கள் அந்தப் பாடத்தை அறிந்தவர்கள் போலவே நடந்துகொண்டனர். 1899ஆம் ஆண்டு மே மாதம் வில்பர் ரைட் செய்த முதல் வேலை, வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்திற்குக் கடிதம் எழுதிப் பறத்தல் பற்றிய நூல்களின் விவரம் கேட்டதுதான். 1901இல் தம் மிதிவண்டிக் கடையிலேயே காற்றுச் சுரங்கம் ஒன்றை அமைத்து, இருநூறு அளவிலான இறக்கை வடிவங்களைச் சோதித்தனர். பின்னர் எந்திரமற்ற மிதவை வானூர்தியில் நூற்றுக்கணக்கான முறை பழகினர். அதன் பிறகே 1903 டிசம்பர் 17ஆம் நாள் வந்தது. முதற்பறப்பு நீடித்தது 12 நொடி. அதற்கான தயாரிப்போ நான்கு ஆண்டுக்கும் மேல்.

பாவனைப் பொறியின் பிறப்பும் பணத்தட்டுப்பாட்டோடு தொடர்புடையதே. அமெரிக்காவில் இசைப்பேழை செய்யும் தொழிற்சாலை உரிமையாளரின் மகன் எட்வின் லிங்க். 1920இல் அவர் 50 டாலர் கொடுத்து முதல் பறக்கும் பாடம் பெற்றார். விமானத்தின் கைப்பிடியைத் தொடக்கூட அவருக்கு வாய்ப்புக் கிட்டவில்லை. குறைந்த செலவில் தரையிலேயே பழக வழியுண்டா என்று சிந்தித்த அவர், தந்தையின் தொழிற்சாலையிலிருந்த துருத்திகளையும் காற்றுக் குழாய்களையும் கொண்டு 1929ஆம் ஆண்டளவில் ஒரு பயிற்சிப் பொறியை உருவாக்கினார். அது கேளிக்கைப் பூங்காவுக்குரிய விளையாட்டுப் பொருளாகவே முதலில் கருதப்பட்டது. 1934இல் அமெரிக்க இராணுவம் அஞ்சல் சுமக்கும் பொறுப்பை ஏற்றபோது, மோசமான வானிலையில் கருவிகளை நம்பிப் பறக்கத் தெரியாத விமானிகள் பலர் மாண்டனர். அதன் பின்னரே இராணுவம் ஆறு பொறிகளை வாங்கியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இலட்சக்கணக்கான விமானிகள் அப்பொறியில் பயின்றனர். இன்று வீட்டுக் கணினியில் இயங்கும் சிமுலேட்டர்கள் யாவும் அதன் வழித்தோன்றல்களே.

எதைப் படிப்பது?

முதலில் நான்கு விசைகளைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இறக்கை தரும் ஏற்றவிசை, புவி இழுக்கும் எடை, எந்திரம் தரும் உந்துவிசை, காற்றுத் தடுக்கும் இழுவிசை ஆகிய நான்கின் இழுபறியே பறத்தல். அடுத்து, விமானத்தைத் திருப்பும் மூன்று உறுப்புகள். இறக்கை ஓரத்து எய்லரான் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும். வாலிலுள்ள எலிவேட்டர் மூக்கை ஏற்றி இறக்கும். ரட்டர் மூக்கை இடவலமாகத் திருப்பும். கடியபட்டணத்து மீனவர் பிள்ளைக்கு ரட்டரை விளக்க வேண்டியதே இல்லை. அது வள்ளத்தின் சுக்கான். காற்றின் திசையறிந்து தொழில் செய்யும் மக்களின் பிள்ளைகள் நாம். கச்சான் எது, வாடை எது என்று அறிந்த ஊரில் வானிலையியல் அயலான பாடமன்று.

மாணவ விமானி உரிமத்திற்கு 16 வயது நிறைந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் மருத்துவத் தகுதியும் வேண்டும். வணிக விமானி உரிமத்திற்கு வான்போக்குவரத்து விதிகள், வழியறிதல், வானிலையியல், விமானத் தொழில்நுட்பம் ஆகிய பாடங்களில் எழுத்துத் தேர்வு உண்டு. தேர்ச்சிக்கு நூற்றுக்கு எழுபது மதிப்பெண் வேண்டும். இவை அனைத்தும் தரையில் அமர்ந்து படித்துத் தேற வேண்டியவை என்பதை மாணவர் மறக்கலாகாது. பணம் கட்டும் முன் மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுவதும் அறிவுடைமை. நிறம் பிரித்தறிவதில் குறையிருந்தால் அதை இலட்சங்கள் செலவான பின் அறிவதைவிட முன்னரே அறிவது நன்று.

நூல்களுக்கும் பஞ்சமில்லை. அமெரிக்க வான்போக்குவரத்து நிருவாகம் வெளியிடும் விமானியின் அறிவுக் கையேடும், விமானம் செலுத்தும் கையேடும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவை ஆங்கிலத்தில் இருப்பதால் தமிழ்வழியில் படித்தவர் தயங்க வேண்டியதில்லை. கருத்தைத் தமிழில் விளங்கிக்கொண்டு சொல்லை ஆங்கிலத்தில் மனத்தில் நிறுத்துவதே சிறந்த முறை. கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசுவது ஆங்கிலத்தில்தான். ஆனால் விமானம் ஏன் விழுகிறது என்பதைத் தாய்மொழியில் புரிந்துகொண்டவர் எந்நாளும் மறக்கமாட்டார்.

பொறியின் முன் அமரும்போது

கணினி, ஒரு கைப்பிடி, இயன்றால் கால்மிதிகள், இவையே போதுமானவை. ஃப்ளைட்கியர் என்னும் மென்பொருள் இலவசம். விலை கொடுத்து வாங்குவோர்க்கு மைக்ரோசாஃப்ட், எக்ஸ் பிளேன் முதலியன உள்ளன. இங்கேதான் மாணவர் பலர் வழி தவறுகின்றனர். முதல் நாளே முந்நூறு பேர் செல்லும் போயிங்கை எடுத்துக்கொண்டு இமயமலைமேல் பறக்கின்றனர். அது பொழுதுபோக்கு, பயிற்சியன்று.

பயிற்சிக்கு உரியது செஸ்னா 172 போன்ற சிறு விமானம். அதன் எஸ் வகையில் ஏறத்தாழ 55 நாட் வேகத்தில் மூக்கை உயர்த்தி, 74 நாட்டில் ஏறி, 65 நாட் அளவில் இறங்குவர். இந்த எண்கள் நாவில் நிற்க வேண்டும். முதல் வாரம் முழுதும் உயரமும் திசையும் மாறாமல் நேராகப் பறப்பதை மட்டுமே பழக வேண்டும். பின்னர் ஏறுதல், இறங்குதல், திரும்புதல். சரிபார்ப்புப் பட்டியலை ஒவ்வொரு முறையும் வாய்விட்டுப் படித்துப் பழக வேண்டும். வாய் பழகினால் கை பழகும்.

அதன் பிறகு நம் கரையோரமாகவே பறந்து பார்க்கலாம். திருவனந்தபுரத்து ஓடுபாதையின் இரு முனைகளுக்கும் 14, 32 என்று எண்கள் உண்டு. 140, 320 பாகைத் திசைகளையே அவை குறிக்கின்றன. அங்கிருந்து எழுந்து கோவளம், விழிஞ்ஞம், பூவார், தேங்காய்ப்பட்டணம், குளச்சல், மண்டைக்காடு என்று கரையைத் தொடர்ந்தால் மணவாளக்குறிச்சி வந்துவிடும். நேர்க்கோட்டில் சுமார் 30 கடல் மைல். 100 நாட் வேகத்தில் 18 நிமிடம். திரும்பும் வழியில் 20 நாட் எதிர்க்காற்று இருந்தால் அதே தொலைவுக்கு இருபத்திரண்டரை நிமிடம் ஆகும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் நாளில் வரும் வழியில் காற்று வலப்புறத்திலிருந்து அடித்து விமானத்தைக் கரைப்பக்கம் ஒதுக்கும். ஆகவே மூக்கைச் சற்றுக் கடற்பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். நீரோட்டத்தைக் குறுக்கே கடக்கும் வள்ளக்காரர் செய்வதும் இதுவே. இந்தக் கணக்கை முதலில் தாளில் போட்டுப் பார்த்து, பிறகு பொறியில் பறந்து ஒத்துப்பார்க்கும் மாணவருக்கு வழியறிதல் பாடம் கைவந்த கலையாகிவிடும்.

பாவனையின் எல்லை

இவ்வளவு சொன்ன பின் ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். வீட்டுக் கணினியில் பறந்த மணிநேரம் உரிமத்திற்கான பதிவேட்டில் ஏறாது. மேலும், அது சில தீய பழக்கங்களையும் கற்பிக்கும். திரையில் பழகியவர் கண் கருவிப் பலகையிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆனால் முதல் பாடத்தில் பயிற்றுநர் வெளியே தொடுவானத்தைப் பார்க்கச் சொல்வார். விமானம் தூக்கிப் போடும்போது வயிற்றில் எழும் உணர்வையும், கைப்பிடியில் காற்று தரும் அழுத்தத்தையும் நாற்காலி தராது. எல்லாவற்றினும் கொடிது, பொறியில் உள்ள இடைநிறுத்தப் பொத்தான். தவறினால் நிறுத்தி மீண்டும் தொடங்கலாம் என்னும் எண்ணம் மனத்தில் ஊறிவிடுகிறது. வானத்தில் அத்தகைய பொத்தான் இல்லை. ஆதலால் பயிற்சியின்போது அதைத் தொடுவதில்லை என்று மாணவர் உறுதி கொள்ள வேண்டும். பயிற்றுநர் முன் “எனக்குத் தெரியும்” என்று சொல்லாமல், “இவ்வளவு படித்திருக்கிறேன், திருத்துங்கள்” என்று நிற்பவரே விரைந்து கற்பார்.

நம் கடமை

ஐதராபாத்தில் அடுமனைத் தொழிலாளி ஒருவரின் மகளாகப் பிறந்தவர் சையதா சல்வா பாத்திமா. பள்ளி நாள்களிலேயே நாளிதழ்களில் வரும் விமானச் செய்திகளைக் கத்தரித்துச் சேர்த்துப் படித்தவர். அவரது ஆர்வத்தைக் கண்ட ‘சியாசத்’ உருது நாளிதழின் ஆசிரியர் ஜாஹித் அலி கான் துணைநின்றார். 2007இல் பயிற்சிக் கழகத்தில் சேர்ந்த அவர் 2013இல் வணிக விமானி உரிமம் பெற்றார். பின்னர் மேற்பயிற்சிக்குத் தெலங்கானா அரசும் நிதி தந்தது. நமக்கு அண்மையில், திருவனந்தபுரத்தை அடுத்த கொச்சுதுறைக் கடற்கரையைச் சேர்ந்த ஒரு பெண், 2021ஆம் ஆண்டு மே மாதம் ஷார்ஜாவிலிருந்து திருவனந்தபுரம் வந்த விமானத்தில் துணை விமானியாக அமர்ந்து வந்ததையும் நாடு கண்டது. இவர்களைப் போன்ற பிள்ளைகள் நம் ஊரிலும் இருக்கின்றனர். அவர்களின் கையில் எட்டும் தொலைவில் ஒரு புத்தகமாவது இருக்கிறதா என்பதே நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

சமுதாயப் பெரியோர் கல்வி உதவி வழங்குவதில் பின்தங்கியவர்கள் அல்லர். ஆனால் ஒரு மாணவரின் முழுப் பயிற்சிக் கட்டணத்தை ஏற்பது எளிதன்று. நூலகத்தில் ஒரு அலமாரி நிறைய வானூர்தியியல் நூல்களும், ஒரு கணினியும், அதற்குரிய கைப்பிடியும் கால்மிதியும் வாங்கி வைப்பது எளிது. ஒருவர் பறக்கும் சில மணிநேரச் செலவில் பல ஆண்டு மாணவர்கள் அனைவரும் பழகலாம். தமிழ்த்துறையினர் தம் பங்காக இயற்பியல் துறையினரோடு அமர்ந்து வானூர்திக் கலைச்சொற்களுக்கு ஒரு சிறு தமிழ்க் கையேடு தொகுத்துத் தரலாம். இந்த ஓராண்டுப் பயிற்சியைச் செய்து முடித்தவருக்கே பிறகு நிதியுதவி என்று விதி வகுத்தால், ஆசை எது, உறுதி எது என்பதும் தெரிந்துவிடும். இடையில் ஆர்வம் குன்றியவர் குடும்பத்தின் தோப்பும் நகையும் தப்பும். அவர் கற்ற இயற்பியலும் ஆங்கிலமும் அவரிடமே நிற்கும்.

மணலிலிருந்து இல்மனைட்டைச் சலித்தும் காந்தத்தால் பிரித்தும் எடுக்கும் வேலை நம் ஊருக்குப் புதிதன்று. ஆசையிலிருந்து ஆற்றலைப் பிரித்தெடுக்கும் வேலையும் அத்தகையதே. மாணவச் செல்வங்களே, அதற்கு ஓடுபாதை வேண்டியதில்லை. நூலகத்தின் ஒரு மேசை போதும். இன்றே சென்று அமருங்கள்.