கொண்டை ஊசி வளைவா, நேர்ச்சாலையா?

உலகத்திலேயே மிக அபாயகரமான சாலைகள் எவை என்று ஒரு பட்டியல் அவ்வப்போது நம் வீட்டுப் பிள்ளைகளின் கைப்பேசியில் வந்து விழுகிறது. தென் அமெரிக்காவில் பொலிவியா நாட்டு யுங்காஸ் மலைச்சாலைக்கு அதில் பெரும்பாலும் முதலிடம். லா பாஸ் நகரிலிருந்து கொரோய்க்கோ என்ற ஊருக்கு இறங்கும் அந்தப் பாதை பல இடங்களில் 3 மீட்டர் அகலம்தான். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அதல பாதாளம். 'மரணச் சாலை' என்றே அதற்குப் பெயர். நம் நாட்டிலிருந்து ஸ்ரீநகர் - லே வழியிலுள்ள 3,528 மீட்டர் உயர சோஜிலா கணவாய் இடம்பெறும். நம்மவர்கள் தங்கள் பங்குக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலையையும், 36 வளைவுகள் கொண்ட நீலகிரி கல்லட்டிப் பாதையையும் சேர்த்துக்கொள்வார்கள்.

படங்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கத்தான் செய்கிறது. ஆனாலும் ரயில்வேயில் 36 ஆண்டுகள் தண்டவாளத்தோடு காலம் கழித்த இந்த டிப்ளமாக்காரனின் தாழ்மையான கருத்து ஒன்று உண்டு. அந்தப் பட்டியல் நம்மைத் தவறான இடத்தில் பயப்பட வைக்கிறது. நம் குடும்பங்களில் விளக்கை அணைக்கும் சாலை பெரும்பாலும் மலையில் இல்லை. அகலமான, நேரான, வழவழப்பான சாலைதான் அது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட 2022-ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். அந்த ஒரே ஆண்டில் 4,61,312 விபத்துகள், 1,68,491 உயிர்கள். நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 460 பேர். இந்த விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு நேரான சாலையில் நடந்தவை. வளைவு, குழி, செங்குத்துச் சரிவு எல்லாம் சேர்ந்தும் நூற்றுக்கு 14-ஐத் தாண்டவில்லை. இறந்தவர்களில் நூற்றுக்கு 71 பேரின் சாவுக்கு அதிவேகமே காரணம் என்கிறது அறிக்கை. நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகள் சுமார் 2 சதவீதம்தான். மரணத்தில் அவற்றின் பங்கோ 36 சதவீதம்.

"நேர்ச்சாலைதானே அதிகம், விபத்தும் அங்கேதானே அதிகம் இருக்கும்?" என்று கணக்குத் தெரிந்த அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கிலோமீட்டருக்கு இத்தனை என்று வகுத்தால் சில மலைப்பாதைகள் முந்தவும் கூடும். ஆனால் நம் வாழ்நாளில் சோஜிலாவைக் கடப்பது ஒருமுறையோ இருமுறையோ. நேர்ச்சாலையில் தினமும் போகிறோம். மலையில் பயமே பாதி டிரைவர். கை ஸ்டியரிங்கை விடாது, கண் அயராது, வண்டியில் அரட்டை கூட நின்றுவிடும். நேர்ச்சாலையில் அந்தப் பயம் இல்லை. நூறு கிலோமீட்டர் வேகமும் நாற்பது போலத்தான் தோன்றும்.

நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. கிரேட்டர் நொய்டாவிலிருந்து ஆக்ரா வரை 165 கிலோமீட்டர் நீளும் யமுனா எக்ஸ்பிரஸ்வே 2012-ல் திறக்கப்பட்டது. குறுக்கே சிக்னல் கிடையாது, மாடு கிடையாது. 2019 ஜூலை 8 அதிகாலையில் லக்னோவிலிருந்து டெல்லிக்கு வந்துகொண்டிருந்த பஸ் ஒன்று ஆக்ராவுக்கு அருகே பாலத்திலிருந்து ஓடைக்குள் விழுந்தது. 29 பேர் இறந்தார்கள். டிரைவர் கண்ணயர்ந்துவிட்டார் என்று கூறப்பட்டது. மலையும் இல்லை, வளைவும் இல்லை. இருந்தது தூக்கம் ஒன்றுதான்.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். டெல்லி வழியாகக் கன்னியாகுமரி வரை செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர் கணவாய் இருக்கிறது. பெங்களூரிலிருந்து காரில் குலதெய்வம் கும்பிடப் போகும் நம் பிள்ளைகள் கடக்கும் வழி இது. சாலை அகலமானது, தளமும் நல்ல தளம். ஆனால் தொடர்ந்து சில கிலோமீட்டர் இறக்கம். 2020 டிசம்பரில் இங்கே ஒரு லாரி கட்டுப்பாடு இழந்து கார்களின் மேல் மோதியது. பத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் நொறுங்கி, நால்வர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் மறுபடியும் அப்படியே. மேலும் நான்கு உயிர்கள்.

ஏன் இப்படி? இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று சிலர் வண்டியை நியூட்ரலில் விட்டுவிடுகிறார்கள். கியரில் இருக்கும் வரை எஞ்சினே சக்கரத்தைப் பிடித்து நிறுத்திக்கொண்டு வரும். நியூட்ரலில் அந்தப் பிடி போய்விடுகிறது; முழுப் பாரமும் பிரேக்கின் தலையில். மிதிக்க மிதிக்க டிரம் சூடேறும். சூடேற ஏற பிடிமானம் குறையும். அடிவாரம் வரும்போது காலுக்குக் கீழே பிரேக் இருக்கும், ஆனால் பிடிக்காது. சில லிட்டர் டீசலுக்கு விலை நாலு உயிர்.

ரயில்வேயிலும் இறக்கம் உண்டு. மும்பைக்கு அருகே இகத்புரி மலைப்பாதையில் நான் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். அங்கே 37 அடி போனால் ஓரடி இறங்கும். ரயிலுக்கு அது மிகக் கடுமையான சரிவு. இறங்கும் முன் பிரேக் சோதனை கட்டாயம். வேகம் எவ்வளவு என்பதை டிரைவர் தீர்மானிப்பதில்லை, விதி தீர்மானிக்கிறது. இவை போதாவென்று 'கேட்ச் சைடிங்' என்ற ஏற்பாடும் உண்டு. இறக்கத்தின் நடுவே, மேட்டில் ஏறி முடிந்துபோகும் ஒரு கிளைப்பாதை. வழி எப்போதும் அந்தக் கிளைக்கே திருப்பி வைக்கப்பட்டிருக்கும். வண்டி அதன் வாசலில் நின்று, "நான் கட்டுப்பாட்டில் இருக்கிறேன்" என்று நிரூபித்த பிறகே நேர்வழி திறக்கும். நிற்க முடியாத வண்டி மேட்டில் ஏறித் தானாக வேகம் இழக்கும். டிரைவர் நல்லவரா, தூங்கினாரா என்ற கேள்விக்கே இடமில்லை. மனிதன் தவறுவான் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு போட்ட ஏற்பாடு அது.

ரயில்வே குறையே இல்லாதது என்று சொல்ல வரவில்லை. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் அருகே நடந்ததை நாடே பார்த்தது. ஆனால் பெரிய விபத்து நடந்தால் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து விசாரிக்கிறார். அவர் ரயில்வேக்குக் கட்டுப்பட்டவர் அல்லர்; விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருபவர். 1956 நவம்பரில் அரியலூரில் வெள்ளம் பாலத்தைச் சாய்த்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்து சுமார் 150 பேர் இறந்தபோது, ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவியையே துறந்தார். இன்று நம் சாலைகளில் எட்டு மணி நேரத்துக்கு ஓர் அரியலூர் நடக்கிறது. யாரும் பதவி விலக வேண்டாம். ஒவ்வொரு சாவுக்கும் ஏன், எதனால் என்று ஒரு எஞ்சினியர் போய்ப் பார்த்தால் போதும்.

பார்த்தால் பலன் உண்டு. மும்பை - புனே எக்ஸ்பிரஸ்வேயில் 2016 முதல் அரசும் தொண்டு நிறுவனமும் சேர்ந்து விபத்து நடந்த இடங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து தடுப்புகளைச் சரி செய்தார்கள். சில ஆண்டுகளில் மரணங்கள் பாதிக்கும் கீழே வந்தன. பொலிவியாவிலும் 2006-ல் மாற்றுச் சாலை வந்த பிறகு பெரும்பாலான வண்டிகள் 'மரணச் சாலை'யை விட்டு விலகின. தொப்பூரிலும் உயர்மட்டச் சாலைத் திட்டம் ஒப்புதல் பெற்றிருக்கிறது. ஆக, சாலையின் தலைவிதியை மாற்ற முடியும்.

அரசு செய்யும்போது செய்யட்டும். அதுவரை நம் கையில் இருப்பதை நாம் செய்யலாமே! அரசின் விதிக்குக் காத்திராமல், நம் சங்கக் குடும்பங்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு 'கேட்ச் சைடிங்' போட்டுக்கொள்ள வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முதலாவது, வாடகை பஸ். ஹரித்துவார், மதுரா என்று நம்மவர்கள் சேர்ந்து போகிறோம். பஸ் பேசும்போது வாடகை, ஏ.சி., சாப்பாடு எல்லாம் கேட்கிறோம். "டிரைவர் நேற்று இரவு எங்கே தூங்கினார்?" என்று கேட்கிறோமா? அந்த மனிதர் முந்தின இரவு கல்யாண கோஷ்டியை இறக்கிவிட்டு நேராக நம்மிடம் வந்திருக்கலாம். நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று, 2025 வரை அமலில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே சொன்னது. இரண்டு டிரைவர்கள், நள்ளிரவு முதல் விடியும் வரை ஓட்டம் இல்லை. இந்த இரண்டையும் சங்கம் நிபந்தனையாக வைக்க வேண்டும். ஆளுக்கு இருநூறு, முன்னூறு ரூபாய் கூடுதலாகும். ஆகட்டுமே! "ஒரு ராத்திரி மிச்சம், லாட்ஜ் செலவு மிச்சம்" என்ற கணக்கை நாம் மறந்தாக வேண்டும்.

இரண்டாவது, பின் இருக்கை பெல்ட். 2022 செப்டம்பர் 4 அன்று டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி, பால்கர் அருகே காரின் பின் இருக்கையில் பெல்ட் போடாமல் பயணம் செய்து உயிரிழந்தார். விலை உயர்ந்த காரும் காப்பாற்றவில்லை. பாட்டியைப் பின்னால் உட்கார வைத்து, மடியில் குழந்தையைக் கொடுத்துவிட்டு, நாம் மட்டும் முன்னால் பெல்ட் போடுவது எந்த ஊர் நியாயம்?

மூன்றாவது, நம் ஜனக்புரி. டெல்லியில் சாலையில் இறப்பவர்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் நடந்து போகிறவர்கள். பங்கா ரோடும் அவுட்டர் ரிங் ரோடும் நமக்கு வாசற்படி மாதிரி, அதனால்தான் பயமில்லை. காய்கறிப் பையோடு நடுத்தடுப்பைத் தாண்டுகிறவர்களில் நம் வயதுக்காரர்களே அதிகம். முழங்கால் வலி புரிகிறது, எனக்கும் இருக்கிறது. சுற்றிப் போனாலும் சிக்னலிலோ சுரங்கப்பாதையிலோ கடப்போம். சிக்னலில் பச்சை நேரம் முதியவர்களுக்குப் போதாத இடங்களைக் குறித்து, சங்கத்தின் பெயரில் போக்குவரத்துப் போலீசுக்கு மனு கொடுப்போம். தனி ஆள் சொன்னால் புகார். ஐந்நூறு குடும்பம் சொன்னால் கோரிக்கை.

கடைசியாக ஒரு தகவல். தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்குபவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் முதல் நடக்கிறது. வெளி மாநிலத்தவருக்கும் உண்டு. ஊருக்குப் போகும் நமக்கும் உண்டு. விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுகிறவர் மீது வழக்குத் தொடர முடியாது என்று 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்பும் தருகிறது. ஆகவே சாலையில் யாராவது கிடந்தால் வண்டியை நிறுத்துங்கள்.

வரும் விடுமுறையில் ஊருக்கோ யாத்திரைக்கோ கிளம்பும் அன்பர்களே! பொலிவியாவை நினைத்துப் பயப்பட வேண்டாம். தெருமுனையை நினைத்துக் கொஞ்சம் பயப்படுங்கள். ஒரு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் சொந்தக்காரர்கள் கோபிப்பார்கள். ஒரு வாய் காபியில் அந்தக் கோபம் தீர்ந்துவிடும். அடுத்த சுற்றுலாவுக்குச் செயற்குழு கூடும்போது, பஸ் வாடகைக்கு முன்னால் டிரைவர்களின் எண்ணிக்கையைப் பேசத் தொடங்குவோமா?