கல்யாண மண்டபம் கற்றுத்தராததை உப்பளம் கற்றுத்தரும்!

முகூர்த்த நாள்களில் முத்தாண்டிக்குப்பம், நெய்வேலி, பண்ருட்டி பக்கம் எந்த மண்டபத்துக்குப் போனாலும், தோளில் கேமரா பையோடு சில இளைஞர்களைப் பார்க்கலாம். திங்கள்கிழமை ஆனால் கல்லூரிக்கோ, கடைக்கோ, ஷிஃப்ட்டுக்கோ கிளம்பிவிடுவார்கள். ஞாயிறு மட்டும் போட்டோகிராபர்!

கைச்செலவுக்குப் பணம் வருகிறது, சந்தோஷம்தான். ஆனால், பத்துக் கல்யாணம் முடிந்த பிறகு ஒரு சிக்கல் வரும். அதே மேடை, அதே லைட், அதே போஸ். கை பழகிவிடும், கண் வளராது. அதற்கு என்ன வழி?

தெருவிளக்கில் தொடங்கிய பாடம்

மதுரை மாவட்டம் ஜவஹர்லால்புரத்தைச் சேர்ந்தவர் எம்.பழனி குமார். மீன் விற்கும் தாயின் மகன். தெருவிளக்கு வெளிச்சத்தில் வியாபாரம் செய்யும் அம்மாவையே படமெடுத்தவர். மனிதக் கழிவு அகற்றும் தொழிலாளர்களைப் பற்றி திவ்யபாரதி இயக்கிய 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். பிறகு, பத்திரிகையாளர் பி.சாய்நாத் தொடங்கிய 'பாரி' இணைய இதழில் சேர்ந்தார்.

அங்கே அவர் எடுத்த படங்களைப் பாருங்கள். ராமநாதபுரம் கடலில் பாசி எடுக்கும் பெண்கள், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்கள், நம் கடலூர் துறைமுகத்தில் மீன் கழிவை வைத்துப் பிழைக்கும் பெண்கள் என்று ஒவ்வொன்றும் வேறு வேறு களம். புகைப்படக் கலைஞர் தயாநிதா சிங்கும் பாரியும் இணைந்து ஏற்படுத்திய ஆவணப் புகைப்பட விருது, 2022-ல் முதன்முதலாக இவருக்குத்தான் கிடைத்தது.

இடம் மாறினால் பாடம் மாறும்

உப்பளத்தில் கண்ணைக் கூசும் வெள்ளை. கேமராவின் மீட்டர் அதைப் பார்த்து ஏமாந்து படத்தை இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டி வைத்தால்தான் உப்பு உப்பாகத் தெரியும். இதைக் கற்றவருக்கு, வெள்ளைச் சேலை கட்டிய பாட்டியை மண்டபத்தில் எடுப்பது சுலபம்.

கோயில் கருவறைப் பக்கம், தெருவிளக்குச் சந்தை போன்ற இடங்களில் வெளிச்சம் போதாது. ஐஎஸ்ஓ-வைக் கூட்ட வேண்டும், அப்பர்ச்சரை அகலத் திறக்க வேண்டும், மூச்சைப் பிடித்துக்கொண்டு கிளிக் செய்ய வேண்டும். கபடிப் போட்டியோ நேரெதிர். ஷட்டர் 1/1000 நொடிக்கு நெருக்கமாக இல்லாவிட்டால் ஆட்டக்காரரின் கை கலங்கிவிடும். தாலி கட்டும் அந்த ஓரிரு நொடியைத் தவறவிடாமல் பிடிக்கும் வேகம் இங்கேதான் பழகும்.

காதணி விழாவில் அழும் குழந்தை பொறுமையைக் கற்றுத்தரும். கடைக்காரர் கேட்கும் பலகாரப் படம், ஜன்னல் வெளிச்சத்தின் அருமையைச் சொல்லும். முந்திரி உடைக்கும் கொட்டகை, முகத்தை மட்டுமல்ல, கைகளையும் பார்க்க வைக்கும்.

புது லென்ஸ் அவசரமா?

ஒவ்வொரு களமும் ஓர் ஆசையையும் கூடவே கொண்டுவரும். பறவைக்கு ஒரு லென்ஸ், கல்யாணத்துக்கு ஒரு லென்ஸ். பகுதிநேர வருமானம் மாதம் ஒரே மாதிரி வராது. தவணை மட்டும் தேதி தவறாமல் வரும். அதனால் முதலில் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். மூன்று நான்கு ஆர்டரில் அந்த லென்ஸ் உண்மையிலேயே தேவைப்பட்டால் மட்டும் வாங்கலாம். வாங்கும்போது, மெமரி கார்டைக் காப்பி எடுத்து வைக்க ஒரு ஹார்ட் டிஸ்கையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஒரு குடும்பத்தின் கல்யாணப் படம் அழிந்தால், அதை மறுபடி எடுக்க முடியாது.

கேட்டுவிட்டு எடுங்கள்

மண்டபத்தில் கூப்பிட்டுத்தான் எடுக்கிறோம். சந்தையிலும் கொட்டகையிலும் அப்படியல்ல. வேர்வையோடு நிற்கும் அக்காவிடம் அனுமதி கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் கேமராவை இறக்கிவிட வேண்டும். குழந்தை என்றால் பெற்றோரிடம் கேட்பது அவசியம். சுரங்கம், ஆலை போன்ற இடங்களில் நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் கேமராவை எடுக்கவே கூடாது. எடுத்த படத்தை ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுத்துப் பாருங்கள். அடுத்த முறை அந்த வீட்டு வாசலில் உங்களுக்கு டீ கிடைக்கும், நல்ல படமும் கிடைக்கும்.

பழனி குமார் இப்போது குழந்தைகளுக்கும் மீனவப் பெண்களுக்கும் கேமரா பிடிக்கக் கற்றுத்தருகிறார். அவர்களின் வாழ்க்கையை அவர்களே படமெடுக்கட்டும் என்பதற்காக!

இந்த வாரம் செய்து பாருங்கள்: அடுத்த ஆர்டருக்கு முன்னால் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இதுவரை எடுக்காத ஓர் இடம், ஒரே லென்ஸ், 20 படங்கள் மட்டும். வீட்டுக்கு வந்து அதில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, மற்ற 17 ஏன் தேறவில்லை என்று எழுதி வையுங்கள். செல்போன் கேமரா இருந்தாலும் போதும். காசு செலவில்லாத வகுப்பு இது.