இரண்டு வாரத்தில் என்ன உதவி?

கோடை விடுமுறை வந்ததும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் மாணவர்கள் பலர் பெட்டி கட்டுகிறார்கள். எங்கே போகிறார்கள்? ஆப்பிரிக்காவுக்கு!

ஊர் சுற்றிப் பார்க்க மட்டும் அல்ல. அங்கே உள்ள ஏழைப் பள்ளிக்கூடங்களில் தொண்டு செய்யப் போகிறார்கள். சுவர் கட்டுகிறார்கள். வர்ணம் அடிக்கிறார்கள். குழந்தைகளுக்கு ஆங்கிலப் பாட்டு சொல்லித் தருகிறார்கள். இரண்டு வாரம் ஆனதும் விமானம் ஏறி வீடு திரும்பிவிடுகிறார்கள்.

நல்ல மனசுதான். அதில் சந்தேகம் இல்லை. ஆனால், அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இதனால் என்ன லாபம்?

இரவில் இடித்த சுவர்

தான்சானியா, கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள ஒரு நாடு. அங்கே ஓர் அனாதை இல்லத்தில் நூலகம் கட்ட அமெரிக்க மாணவிகள் சிலர் போனார்கள். பகல் முழுவதும் செங்கல் அடுக்கினார்கள்.

இரவு வந்தது. மாணவிகள் தூங்கப் போனார்கள். உள்ளூர் ஆட்கள் வந்தார்கள். கோணலாக இருந்த சுவரைப் பிரித்தார்கள். மறுபடியும் நேராகக் கட்டினார்கள். விருந்தாளிகளின் மனம் நோகக் கூடாதே என்று, விடிவதற்குள் வேலையை முடித்துவிட்டார்கள்! தினமும் இதே கதைதான்.

இது கட்டுக்கதை அல்ல. அந்த மாணவிகளில் ஒருவரே 2014-ம் ஆண்டில் இதை எழுதி வெளியிட்டார்.

கொத்து வேலை என்றால் சும்மாவா? கரணை பிடிக்கத் தெரிய வேண்டும். தூக்குக் குண்டு விட்டுப் பார்க்கத் தெரிய வேண்டும். பள்ளியில் நல்ல மார்க் வாங்கினால் மட்டும் சுவர் நேராக நிற்காது.

அந்த ஊரிலும் கொத்தனார் இருக்கிறார். அவருக்கும் குடும்பம் உண்டு. ஒரு மாணவரின் விமானக் கட்டணத்தை அனுப்பினால் அவருக்குப் பல நாள் வேலை கிடைக்கும். சுவரும் ஒழுங்காக எழும்பும்.

குழந்தை மனசு

சுவரையாவது திரும்பக் கட்டிவிடலாம். குழந்தைகளை என்ன செய்வது?

உங்கள் பிள்ளையின் வகுப்புக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு புது வாத்தியார் வருகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். பிள்ளையின் பெயரைத் தெரிந்துகொள்ளவே ஒரு வாரம் ஆகிவிடும். பிள்ளை அவரிடம் ஒட்டிக்கொள்ளும் நேரத்தில் அவர் கிளம்பிவிடுவார். அடுத்தவர் வந்து முதல் பாடத்தையே மறுபடியும் தொடங்குவார். நீங்கள் சம்மதிப்பீர்களா? நம் பிள்ளைக்கு ஆகாதது ஆப்பிரிக்கப் பிள்ளைக்கு மட்டும் எப்படி ஆகும்?

தங்கியவர்கள்

அப்படியானால் வெளியூர்க்காரர் யாருமே போகக் கூடாதா? அப்படிச் சொல்ல முடியாது.

1958-ல் ஜேம்ஸ் ராபின்சன் என்ற பாதிரியார், மாணவர்களைக் கோடைக் காலத்தில் ஆப்பிரிக்காவுக்கு அழைத்துப் போகும் திட்டத்தைத் தொடங்கினார். அதன் பிறகு 1961-ல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி 'அமைதிப் படை'யை அமைத்தார். தம் படைக்கு முன்னோடி ராபின்சன் திட்டம்தான் என்று கென்னடியே பாராட்டினார்.

அமைதிப் படையின் முதல் கூட்டம் அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள கானா நாட்டில் இறங்கியது. சுமார் 50 பேர். எல்லாரும் பள்ளி ஆசிரியர்களாக வேலை செய்யப் போனவர்கள். கிளம்பும் முன்பே பயிற்சி பெற்றார்கள். அந்த ஊர் மொழியையும் கொஞ்சம் படித்தார்கள். தங்கும் காலம் எவ்வளவு தெரியுமா? 2 ஆண்டு!

இங்கிலாந்திலும் 1958-ல் அலெக் டிக்சன் என்பவர் 'வி.எஸ்.ஓ.' என்ற தொண்டு அமைப்பைத் தொடங்கினார். முதலில் பள்ளிப் படிப்பு முடித்த 18 வயதுப் பிள்ளைகளைத்தான் வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள். அனுபவம் பாடம் சொன்னது. 1980-க்குள் தொழில் தெரியாதவர்களை அனுப்பும் வழக்கத்தை அந்த அமைப்பு விட்டுவிட்டது.

வேலை தெரிய வேண்டும். தங்கிச் செய்ய வேண்டும். இந்த இரண்டும் இருந்தால்தான் அது உதவி.

ஊராரே கட்டியது

ஆப்பிரிக்க மக்கள் கை கட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் அது தவறு. கென்யா 1963-ல் சுதந்திரம் பெற்றது. 'ஹராம்பே' என்பது அந்நாட்டு முழக்கம். 'சேர்ந்து இழுப்போம்' என்று பொருள். கிராமத்து மக்கள் தாங்களே காசு திரட்டி, கல் சுமந்து ஏராளமான பள்ளிகளைக் கட்டினார்கள். அவற்றுக்கு 'ஹராம்பே பள்ளிகள்' என்றே பெயர்.

2003-ல் அங்கே ஆரம்பக் கல்வி இலவசம் ஆனது. 10 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் புதிதாக வந்து சேர்ந்தார்கள். வகுப்புகள் நிரம்பி வழிந்தன. அப்போது அவசரமாக வேண்டியிருந்தது வர்ணம் அடிக்கும் ஆள் அல்ல, வாத்தியார்!

அப்படி ஒரு வாத்தியார் பீட்டர் தபிச்சி. கென்யாவில் ப்வானி என்ற கிராமத்துப் பள்ளியில் கணக்கும் விஞ்ஞானமும் கற்பித்தார். பள்ளியில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். சம்பளத்தில் 80 சதவீதத்தை ஏழைகளுக்கே கொடுத்தார். அவருடைய மாணவர்கள் உள்ளூர்ச் செடிகளிலிருந்து மின்சாரம் எடுத்துக் காட்டிப் பரிசு வாங்கினார்கள். 2019-ல் உலகின் சிறந்த ஆசிரியர் என்ற விருது அவருக்குக் கிடைத்தது. பரிசு 10 லட்சம் டாலர்! அவர் அந்த நாட்டுக்காரர். அந்தப் பிள்ளைகளுடனே இருந்தவர்.

என்ன செய்யலாம்?

ஆப்பிரிக்காவுக்குப் போக விரும்பும் மாணவர்கள் தாராளமாகப் போகட்டும். ஆனால், 'உதவப் போகிறேன்' என்று சொல்ல வேண்டாம். 'கற்றுக்கொள்ளப் போகிறேன்' என்று சொல்லட்டும். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. உதவியே செய்ய விரும்பினால், முதலில் ஒரு தொழிலைப் படிக்கட்டும். பிறகு இரண்டு ஆண்டு தங்கப் போகட்டும்.

கிளம்பும் முன் அந்தப் பள்ளித் தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதட்டும். 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேட்கட்டும். 'நீ வர வேண்டாம் தம்பி, ஒரு வாத்தியார் சம்பளத்துக்கு வழி செய்' என்று பதில் வரலாம். வந்தால் வருத்தப்படக் கூடாது. அதைச் செய்ய வேண்டும்.